சூக், கான், கைசரிய்யா: இஸ்லாமிய நகரங்கள் சந்தைக்கு வைத்த பெயர்கள்

மொராக்கோவின் வடமேற்கே, கர்ப் சமவெளியில், சூக் அல் அர்பஆ என்றொரு நகரம் இருக்கிறது. அரபியில் அதற்குப் புதன்சந்தை என்று பொருள். நாமக்கல் பக்கத்தில் நமக்கும் ஒரு புதன்சந்தை உண்டு. சந்தை கூடும் கிழமையே ஊர்ப் பெயராகிவிட்ட கதை இரண்டு இடத்திலும் ஒன்றுதான். ஆனால் வட ஆப்பிரிக்காவில் அது ஓரிரு ஊரோடு நிற்கவில்லை. மொராக்கோவிலேயே சனிக்கிழமைப் பெயரோடு சூக் ஸப்த் இருக்கிறது. அல்ஜீரியாவில் கமீஸ் மிலியானா, அதாவது வியாழன். துனிசியாவில் இன்று ஜந்தூபா என்று வழங்கும் நகரத்தின் பழைய பெயரும் சூக் அல் அர்பஆதான். அதற்கு அருகிலுள்ள பூசாலிம் முன்பு சூக் அல் கமீஸ். செங்கடலைத் தாண்டிச் சவூதி அரேபியாவின் தென்மேற்கு மலைநாட்டுக்குப் போனால் கமீஸ் முஷைத், அஹத் ருஃபைதா என்று அங்கும் வியாழனும் ஞாயிறும் ஊர்களாக நிற்கின்றன.

சிதறி வாழும் குடிகளுக்கு நிலையான கடைவீதியால் பயனில்லை. பக்கத்துப் பக்கத்து ஊர்கள் ஆளுக்கொரு கிழமையை எடுத்துக்கொண்டால் உப்பு விற்பவரும் கொல்லரும் துணி வியாபாரியும் வாரம் முழுக்கச் சுற்றிவர முடியும். அதனால் இடத்தைவிட நாள் முக்கியம். சந்தை நாள் போனால் அந்த இடத்தில் வெட்டவெளியும் ஒரு கிணறும் யாரோ ஒரு பெரியவரின் அடக்கத்தலமும் மட்டுமே மிஞ்சும். யமனின் மலைக்குடிகளிடையே வாரச்சந்தைக்குத் தனிப் பாதுகாப்பு உண்டு. இரு குலங்களுக்கிடையே இரத்தப் பகை எரிந்துகொண்டிருந்தாலும் சந்தைக்குள் கை ஓங்கக் கூடாது. மீறியவர் பகையாளிக்கு மட்டுமல்லாமல் அந்தச் சந்தைக்குப் பொறுப்பேற்ற குலத்துக்கே பதில் சொல்லியாக வேண்டும்.

சுற்றுலாக் கையேடுகள் இவற்றையும் கெய்ரோவின் நகைக்கடைத் தெருவையும் இஸ்தான்புல்லின் கூரைச் சந்தையையும் 'பஜார்' என்ற ஒரே சொல்லில் அடைத்துவிடுகின்றன. அங்கே வாழ்ந்து வியாபாரம் செய்தவர்கள் அப்படிப் பேசவில்லை. சூக், கைசரிய்யா, ஃபுந்துக், கான், வகாலா, சம்சரா, பெதஸ்தான், அரஸ்தா, தீம்ச்சே என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பெயர் வைத்திருந்தார்கள். இந்தப் பெயர்களை அருகருகே வைத்துப் பார்க்கும்போது எனக்கு ஒன்று உறுதியாகத் தெரிகிறது. அங்கே என்ன விற்றது என்பதோடு இவை நின்றுவிடுவதில்லை. இரவில் கதவைப் பூட்டுபவர் யார், வாடகை யாருக்குப் போகிறது, வெளியூர் வியாபாரியின் மூட்டை காணாமல் போனால் யார் சட்டையைப் பிடிப்பது என்பதெல்லாம் இந்தப் பெயர்களுக்குள் இருக்கிறது.

சூக் இவற்றில் மிகப் பழையது. பாபிலோனியரின் அக்காத் மொழியில் 'சூக்கு' என்றால் தெரு. அரமேய மொழி வழியாக அரபிக்கு வந்தபோது அது சந்தையாகிவிட்டது. குர்ஆனிலும் இதன் பன்மை 'அஸ்வாக்' வருகிறது. உணவு உண்டு சந்தைகளில் நடமாடும் இவர் எப்படித் தூதராக இருக்க முடியும் என்று மக்காவாசிகள் நபிகள் நாயகத்தைக் கேட்ட கேள்வியில் வருகிறது. சந்தையில் நடப்பது அவ்வளவு சாதாரண மனிதக் காரியம்.

இஸ்லாத்துக்கு முந்தைய அரேபியாவில் சூக் என்பது கட்டடம் அல்ல, காலம். தாயிஃப் அருகே உக்காழ், அதன் பின் மஜன்னா, அதன் பின் துல் மஜாஸ் என்று ஹஜ்ஜை ஒட்டி மூன்று சந்தைகள் அடுத்தடுத்துக் கூடும். போர் விலக்கப்பட்ட புனித மாதங்கள் என்பதால் எந்தக் குலத்தாரும் உயிர்ப்பயமின்றி வரலாம். தோலும் வாசனைப் பொருளும் ஆயுதமும் விற்ற அதே இடத்தில் கவிஞர்கள் போட்டியிட்டார்கள், கடன்கள் தீர்ந்தன, கைதிகள் மீட்கப்பட்டார்கள். பஸ்ரா நகரின் மிர்பத் சந்தையிலும் இந்த வழக்கம் தொடர்ந்தது. மிர்பத் என்றால் ஒட்டகங்களைக் கட்டி வைக்கும் இடம். உமையா ஆட்சிக் காலத்தில் ஜரீரும் ஃபரஸ்தக்கும் ஒருவரையொருவர் வசைக்கவியால் கிழித்துக்கொண்டது அங்கேதான்.

மதீனாவில் நபிகள் நாயகம் அமைத்துக் கொடுத்த சந்தையும் வெட்டவெளிதான். அதில் யாரும் கட்டடம் எழுப்பக் கூடாது, வரி வாங்கக் கூடாது என்பது அவர் விதித்த முறை என்று மரபு சொல்கிறது. பள்ளிவாசலில் முந்தி வந்தவர் முன்வரிசையில் உட்காருவதுபோல, சந்தையிலும் முந்தி வந்தவருக்கு அன்று முழுதும் இடம் என்பது கலீஃபா உமர் பெயரில் வழங்கும் விதி. பின்னால் உமையா கலீஃபா ஹிஷாம் அந்த வெளியில் கடைகளோடு பெரிய கட்டடம் எழுப்பி வாடகை வாங்கத் தொடங்கினார். 743இல் அவர் இறந்த செய்தி வந்ததும் மதீனாவாசிகள் அதை இடித்துத் தள்ளினார்கள் என்று அந்நகரின் வரலாற்றை எழுதியவர்கள் குறித்திருக்கிறார்கள். இதே ஹிஷாம் பாலஸ்தீனத்தின் பைசான் நகரில் கட்டிய சந்தையின் வாசலில் பொன்னிறக் கண்ணாடிச் சில்லுகளால் பதித்த கல்வெட்டு அகழாய்வில் கிடைத்தது. கலீஃபாவின் பெயரும் ஆளுநரின் பெயரும் அதில் தெளிவாக இருக்கின்றன. சந்தைக்குச் சுவரும் கூரையும் வந்த கணமே அதற்கு ஒரு சொந்தக்காரரும் வந்துவிட்டார். இந்தத் திருப்பத்தைப் புரிந்துகொள்ளாமல் பிற்காலப் பெயர்களைப் புரிந்துகொள்ள முடியாது.

பாக்தாதில் நடந்ததும் இதன் தொடர்ச்சி. 762இல் கலீஃபா மன்சூர் வட்ட நகரைத் தொடங்குவதற்கு முன்பே அந்தப் பகுதியில் சூக் அல் ஸலாஸா, செவ்வாய்ச்சந்தை, கூடிவந்தது. வட்ட நகருக்குள்ளும் கடைகள் வந்தன. பைசாந்தியத் தூதர் ஒருவர் நகரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, எதிரிகளை வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கிறீர்களே, சந்தைக்குள் ஒற்றர்கள் எளிதில் நுழைவார்களே என்றாராம். 773 வாக்கில் மன்சூர் வணிகர்களை நகருக்கு வெளியே தெற்கில் கர்ஹுக்கு அனுப்பினார் என்று வரலாற்றாசிரியர் தபரி எழுதுகிறார். அரசரின் கோட்டையைவிடக் கர்ஹுதான் பின்னாளில் பாக்தாதின் உயிராகியது.

பூட்டும் கதவும்

சூக்குக்குள்ளேயே விலையுயர்ந்த சரக்குகளுக்கென்று பூட்டத்தக்க ஒரு பகுதி தேவைப்பட்டது. அதற்கு அரபு நகரங்களில் கைசரிய்யா என்று பெயர். சீசர் என்ற ரோமப் பேரரசரின் பெயர்தான் அது. பேரரசருக்குச் சொந்தமான மூடுசந்தை என்ற பைசாந்தியக் காலத்து நினைவு அந்தச் சொல்லில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. பட்டு, மென்துணி, நகை, தைத்த உடை ஆகியவை அங்கே விற்றன. நகரின் பெரிய பள்ளிவாசலுக்கு மிக அருகில் இருக்கும். மாலை ஆனதும் வாசல்கள் எல்லாம் சாத்தப்படும். பல ஊர்களில் வாடகை அரசுக்கோ, வக்ஃபு என்ற சமய அறக்கொடைக்கோ போனது. மொராக்கோவின் ஃபெஸ் நகரில் இன்றும் கைசரிய்யா இருக்கிறது. சவூதியின் ஹுஃபூஃபில், ஈராக்கின் அர்பீலில், காஸாவில் உமரி பள்ளிவாசலை ஒட்டிய நகைத் தெருவில் இதே பெயர்தான். ஸ்பெயினில் கிரனாடா 1492இல் கைமாறிய பிறகும் அங்குள்ள பட்டுச் சந்தை அல்கைசெரியா என்றே அழைக்கப்பட்டது. 1843இல் தீயில் கருகி, சிறிதாகத் திரும்பக் கட்டப்பட்டு, அந்தப் பெயரோடு இன்றும் நிற்கிறது. இஸ்ஃபஹானில் ஷா அப்பாஸின் பெரிய சதுக்கத்திலிருந்து பஜாருக்குள் நுழையும் வாயிலுக்கும் கைசரிய்யா என்றுதான் பெயர்.

துருக்கியர் இதே தேவைக்கு வேறு சொல் வைத்தார்கள். பெதஸ்தான். 'பஸ்' என்றால் துணி, 'பஸ்ஸாஸ்' துணி வியாபாரி, அவர்கள் இருக்கும் இடம் பஸ்ஸாஸிஸ்தான். அது நாவில் தேய்ந்து பெதஸ்தான் ஆனது. தடித்த கற்சுவர், இரும்புக் கதவு, ஈயத் தகடு போர்த்திய குவிமாடங்கள். கான்ஸ்டான்டிநோபிளைப் பிடித்த சில ஆண்டுகளிலேயே, 1450களின் பிற்பகுதியில், இரண்டாம் மெஹ்மத் கட்டிய பெதஸ்தான் 15 குவிமாடங்களோடு இன்றும் இஸ்தான்புல் கூரைச் சந்தையின் நடுவே இருக்கிறது. அதன் வருமானம் ஆயா சோஃபியா பள்ளிவாசலுக்கு. மற்ற தெருக்கள் எல்லாம் அதைச் சுற்றி வளர்ந்தவை. வியாபாரம் மட்டும் அங்கே நடக்கவில்லை. செல்வர்கள் பொன்னையும் பத்திரங்களையும் அங்கே பெட்டியிலிட்டு ஒப்படைத்தார்கள். வங்கி வருவதற்கு முன் ஊரின் பெட்டகம் அதுதான். 17ஆம் நூற்றாண்டில் உஸ்மானியப் பேரரசைச் சுற்றிவந்த எவ்லியா செலெபி, ஒரு நகரத்தைப் பற்றி எழுதும்போது அங்கே பெதஸ்தான் உண்டா இல்லையா என்று பார்க்கிறார். உண்டென்றால் அது பெரிய நகரம். சரயேவோவில் 16ஆம் நூற்றாண்டுப் பெதஸ்தான்கள் இரண்டு இன்னும் இருக்கின்றன. கிரேக்கத்தின் தெசலோனிகியில் ஒன்று துணிக்கடைகளோடு இயங்குகிறது.

துருக்கியில் அரஸ்தா என்பது இன்னொன்று. பெரிய பள்ளிவாசலோடு சேர்த்துக் கட்டி, வாடகையை அதன் செலவுக்கே எழுதிவைத்த கடைவரிசை. எதிர்னே நகரின் ஸெலிமிய்யா பள்ளிவாசலின் அடியில் அப்படியொன்று இருக்கிறது. அதே முறையில், இஸ்தான்புல்லில் 1660களில் கட்டி முடித்த மிஸிர் சார்ஷி, எகிப்துச் சந்தை, புதிய பள்ளிவாசலுக்கான வருமானமாக எழுந்தது. மிளகும் ஏலமும் மணக்கும் அந்தக் கடைகளின் வாடகையில்தான் விளக்கெரிந்தது, இமாமுக்குச் சம்பளம் போனது, ஏழைகளுக்குச் சோறு வெந்தது. வக்ஃபு என்ற சொல்லை நாம் நிலத் தகராறு வழக்குகளில்தான் அதிகம் கேட்கிறோம். இந்த நகரங்களில் அது சந்தையின் அடித்தளமாக இருந்தது. அதை விட்டுவிட்டுச் சந்தையின் அழகை மட்டும் எழுதுவது பாதி எழுதுவதற்குச் சமம்.

வெளியூர்க்காரர் எங்கே படுப்பார்?

மொத்த வியாபாரத்துக்கு வேறொரு வகைக் கட்டடம். நடுவே முற்றம், சுற்றிலும் அறைகள், கீழே சரக்கு, மேலே ஆள், தெருவுக்கு ஒரே வாசல். இந்த ஒரே அமைப்புக்கு ஊருக்கொரு பெயர். மேற்கே ஃபுந்துக், சிரியாவிலும் துருக்கியிலும் கான், எகிப்தில் வகாலா, யமனில் சம்சரா, ஈரானில் சரா.

ஃபுந்துக் கிரேக்கத்தில் சத்திரத்தைக் குறிக்கும் பந்தோகெயோன் என்ற சொல்லிலிருந்து வந்தது. அரபியிலிருந்து இத்தாலிக்குப் போய் ஃபோந்தாக்கோ ஆயிற்று. அலெக்சாந்திரியாவில் வெனிஸ்காரருக்கும் ஜெனோவாகாரருக்கும் தனித்தனி ஃபுந்துக் இருந்தது. உள்ளே அவர்களுடைய தேவாலயம், அடுப்பு, மது எல்லாம் உண்டு. ஆனால் இரவிலும் வெள்ளிக்கிழமைத் தொழுகை நேரத்திலும் வாசல் வெளியிலிருந்து பூட்டப்படும். அது காவலா, சிறையா என்று இருதரப்பும் வேறுவிதமாகப் பேசியிருப்பார்கள். வெனிஸ் தன் பங்குக்கு 1621இல் பெருங்கால்வாய்க் கரையில் ஒரு மாளிகையை உஸ்மானிய வணிகர்களுக்கு ஒதுக்கி ஃபோந்தாக்கோ தேய் துர்க்கி என்று பெயரிட்டது. அதன் கதவும் இரவில் பூட்டப்பட்டது. அந்நியரை நம்பி ஊருக்குள் விடுவதற்கு இரண்டு கரையும் கண்டுபிடித்த வழி ஒன்றே. இன்றைய அரபியில் ஃபுந்துக் என்றால் வெறும் ஹோட்டல்.

கெய்ரோவில் அல் அஸ்ஹர் பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் சுல்தான் கூரி 1504-05இல் கட்டிய வகாலா இன்றும் முழுசாக நிற்கிறது. ஐந்து தளங்கள். நீள்சதுர முற்றத்தின் நடுவில் நீர்த்தொட்டி. கீழ் இரண்டு தளங்களிலும் வளைவுகளுக்குப் பின்னே சரக்கறைகள். மேலே மரச்சட்டங்களால் மறைத்த சன்னல்களோடு குடியிருப்புகள். அந்தக் குடியிருப்புகளுக்குத் தனி வாசல், தனிப் படிக்கட்டு. குடியிருப்பவர் சரக்கறைப் பக்கம் போக வேண்டியதில்லை. சரக்கோடு வந்த ஒட்டகத்துக்கும் மாடிவீட்டுக் குழந்தைக்கும் ஒரே கூரை, ஆனால் வழி வேறு. வாடகைக் கணக்கும் பாதுகாப்புக் கணக்கும் தெரிந்த கட்டடக்காரர் ஒருவர் நிதானமாக யோசித்துச் செய்த வேலை என்பது அந்தப் படிக்கட்டைப் பார்த்தாலே விளங்கும்.

வகாலா என்ற பெயரின் வேர் தமிழர் வாயில் தினமும் புழங்குவதுதான். ஒருவர் சார்பில் இன்னொருவர் பொறுப்பேற்று நடத்துவது வகாலா. அப்படிப் பொறுப்பேற்றவர் வகீல். நம் நீதிமன்ற வாசலில் வக்காலத்தும் வக்கீலும் அங்கிருந்து வந்தவையே. தொலைதூர வணிகரின் சார்பில் சரக்கை வாங்கி வைத்து, விற்று, பணத்தைக் காத்துத் தரும் ஆள் இருக்கும் இடம் என்பதால் கட்டடத்துக்கே வகாலா என்று பெயர் வந்தது. ஈரானின் ஷீராஸில் வகீல் பஜார் இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் ஆண்ட கரீம் கான் ஸந்த் ஷா என்ற பட்டத்தைச் சூட்டிக்கொள்ளாமல் தன்னை வகீல் என்றே அழைத்துக்கொண்டார். அவர் கட்டிய சந்தையும் பள்ளிவாசலும் அந்தப் பெயரைத் தாங்கி நிற்கின்றன.

யமனின் சனஆவில் இதே கட்டடம் சம்சரா. தரகருக்கு அரபியில் சிம்சார். அவர் நடத்தும் இடம் சம்சரா. பழைய நகரின் நடுவிலுள்ள சூக் அல் மில்ஹ், உப்புச் சந்தையைச் சுற்றி இவை மாடிமாடியாக நின்றன. 18ஆம் நூற்றாண்டில் இந்தச் சந்தைகளுக்கென்று எழுதப்பட்ட கானூன் சனஆ என்ற விதித்தொகுப்பு இருக்கிறது. எந்தத் தொழிலுக்கு எவ்வளவு கூலி, எந்தச் சரக்கை எங்கே இறக்குவது, எடைக்கு யார் பொறுப்பு என்பதெல்லாம் அதில் உண்டு. இரவுக் காவலர்களுக்குத் தலைவர் ஒருவர் இருந்தார். அவருக்கு ஷைகுல் லைல், இரவின் தலைவர், என்று பெயர்.

டமாஸ்கஸில் ஆளுநர் அஸ்அத் பாஷா 1750களின் தொடக்கத்தில் கட்டிய கானைப் பற்றிச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. கருங்கல்லும் வெள்ளைக்கல்லும் மாறிமாறி அடுக்கிய சுவர், ஒன்பது குவிமாடங்கள், நடுவே எண்கோண நீர்த்தொட்டி. கட்டிய சில ஆண்டுகளிலேயே நிலநடுக்கத்தில் சில குவிமாடங்கள் விழுந்தன. சரக்கு இறக்கும் இடத்தை இத்தனை அழகாகக் கட்ட வேண்டுமா என்று கேட்கலாம். அந்த ஆளுநர் கட்டியது தன் நகரத்தின் நம்பகத்தன்மையை. பாக்தாதிலிருந்து பாலைவனம் கடந்து வரும் வணிகர் கதவைத் தாண்டியதும் தன் மூட்டைகள் பத்திரம் என்று நம்ப வேண்டும்.

பாரசீக உலகில் பஜார்தான் பொதுப் பெயர். அதன் உறுப்புகளுக்குத் தனிப் பெயர்கள். நீண்ட கூரைத் தெரு ராஸ்தே. இரண்டு தெருக்கள் வெட்டும் குவிமாடச் சந்தி சார்சூ, நான்கு திசை. துருக்கியரின் சார்ஷியும் சரயேவோவின் பாஷ்சார்ஷியாவும் சமர்கந்தின் சோர்சுவும் அதன் வாரிசுகள். விலையுயர்ந்த சரக்குக்கான மூடிய கூடம் தீம்ச்சே. தப்ரீஸின் முஸஃப்ஃபரிய்யா தீம்ச்சேயில் இன்றும் கம்பளம்தான். தப்ரீஸ் பஜாரை யுனெஸ்கோ 2010இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மதுரை சுல்தான்களின் அவைக்குப் பின்னாளில் வந்துபோன இப்னு பதூதா அதற்கு முன் தப்ரீஸைப் பார்த்திருக்கிறார். அங்குள்ள நகைச் சந்தையில் கண் கூசிப்போனதாகச் சொல்கிறார். புகாராவில் 16ஆம் நூற்றாண்டுக் குவிமாடச் சந்திகளுக்குத் தோகி என்று பெயர். ஒன்று பொற்கொல்லருக்கு, ஒன்று தொப்பி விற்பவருக்கு, ஒன்று ஸர்ராஃபுகளுக்கு. ஸர்ராஃப் என்றால் நாணயம் மாற்றுபவர். தமிழில் சராப்பு ஆனவர் அவர்தான்.

புகையும் வாசனையும்

தொழிலின் பெயரைக் கொண்ட தெருக்கள் எல்லா நகரத்திலும் உண்டு: அத்தாரீன், வாசனைக்காரர், நஹ்ஹாஸீன், செம்புக்காரர், வர்ராகீன், தாள் விற்று நூல் படியெடுப்பவர். 9ஆம் நூற்றாண்டில் யஅகூபி பாக்தாத் வர்ராகீனில் நூற்றுக்கும் மேற்பட்ட புத்தகக் கடைகள் இருந்ததாக எழுதினார். அந்த நகரின் இன்றைய புத்தகத் தெரு முதனப்பி கவிஞரின் பெயரில் இருக்கிறது. 2007 மார்ச் 5 அன்று அங்கே வெடித்த கார்குண்டில் பலர் இறந்தார்கள். தெருவை மீண்டும் திறந்தார்கள், கடைகள் திரும்பவும் நிரம்பின.

இத்தெருக்களின் வரிசை தற்செயல் அல்ல. சந்தையைக் கண்காணிக்கும் முஹ்தஸிப் என்ற அதிகாரிக்காக எழுதப்பட்ட கையேடுகள் உண்டு. 12ஆம் நூற்றாண்டில் ஷைஸரி எழுதியது அவற்றில் புகழ்பெற்றது. நெருப்பு வேண்டிய ரொட்டிக்காரரையும் கொல்லரையும் வாசனைக்காரருக்கும் துணிக்காரருக்கும் பக்கத்தில் வைக்காதே என்பது அதில் ஒரு விதி. புகையும் தீப்பொறியும் அடுத்த கடையின் சரக்கைக் கெடுக்கும். பால் கலப்படம், தராசு மோசடி, அளவுமீறிச் சுமையேற்றிய கழுதை எல்லாவற்றையும் முஹ்தஸிப் பார்ப்பார். ஸ்பெயினில் கிறிஸ்தவ ஆட்சி வந்த பிறகும் எடைகளைச் சோதிக்கும் அதிகாரி அல்மோத்தசேன் என்றே அழைக்கப்பட்டார். தொலேதோ நகரின் சொகோதோவெர் சதுக்கம் அரபு சூக் அத் தவாப், கால்நடைச் சந்தை.

இந்தப் பெயர்களில் ஒன்றை வேதனையோடுதான் எழுத வேண்டும். அடிமைகளையும் கால்நடைகளையும் விற்பவருக்கு அரபியில் நஹ்ஹாஸ் என்று ஒரு பெயர். செம்புக்காரரின் பெயரோடு ஒலியில் ஒத்திருந்தாலும் எழுத்தில் வேறு. துனிஸ் நகரின் சூக் அல் பிர்கா 17ஆம் நூற்றாண்டு முதல் மனிதர்களை விற்ற இடம். துனிசியாவை ஆண்ட அஹ்மத் பே 1846இல் அடிமை முறையை ஒழித்தார். இன்று அங்கே நகைக்கடைகள். லக்னோவின் நகாஸ் என்ற பெயரும் அந்த அரபுச் சொல்லின் தொடர்ச்சி. அங்கே இன்று நடப்பது பழம்பொருள் வியாபாரம். சந்தையின் பெயர்களைப் போற்றுபவர்கள் இந்தத் தெருக்களையும் தாண்டித்தான் போயாக வேண்டும்.

சரக்கு போனாலும் பெயர் போவதில்லை. கெய்ரோவின் வகாலத் அல் பலஹ், பேரீச்சம்பழ வகாலா. இன்று அங்கே துணியும் பழைய உடுப்பும். சனஆவின் உப்புச் சந்தையில் உப்பைத் தவிர எல்லாமும் கிடைக்கும். அதே கெய்ரோவில் கூடாரம் தைப்பவர்களின் கய்யாமிய்யா தெருவில் மட்டும், 17ஆம் நூற்றாண்டுக் கூரையின் கீழ், ஆண்கள் இன்றும் சம்மணமிட்டு உட்கார்ந்து துணிமேல் துணி வைத்துத் தைக்கிறார்கள். துண்டை மடித்து, ஊசிமுனையால் ஓரத்தை உள்ளே தள்ளி, நூல் வெளியே தெரியாதபடி இழுக்கும் வேலை. கூடாரம் போய்ச் சுவர்த்தொங்கலும் தலையணை உறையும் வந்திருக்கின்றன.

குவைத்தின் சூக் அல் மனாஹ் கதை தனியானது. மனாஹ் என்றால் ஒட்டகம் மண்டியிடும் இடம். ஒட்டக வியாபாரம் நடந்த அந்த இடத்தில் கட்டடம் எழுந்தது. 1970களின் இறுதியில் அங்கே பங்கு வியாபாரம் தொடங்கியது. அரசு அங்கீகரித்த பங்குச் சந்தை வேறு. இங்கே கண்காணிப்பு இல்லை. வளைகுடா நிறுவனங்களின் பங்குகளைப் பின்தேதியிட்ட காசோலை கொடுத்து வாங்கினார்கள், விலை ஏறியதும் அதே முறையில் விற்றார்கள். 1982 ஆகஸ்டில் காசோலைகள் திரும்பத் தொடங்கியபோது ஏறத்தாழ 29,000 காசோலைகளில் 94 பில்லியன் டாலர் நின்றது. கதவு பூட்டவும் எடை பார்க்கவும் ஆள் வைத்த மரபின் பெயரைத் தாங்கிய இடத்தில் முஹ்தஸிப் ஒருவர்கூட இல்லை. குவைத் வங்கிகள் அந்தச் சுமையைப் பல ஆண்டுகள் சுமந்தன.

கிழக்கே பரவிய வழியைச் சுருக்கமாகச் சொல்லலாம். அலாவுதீன் கில்ஜி தில்லியில் துணிச் சந்தைக்கு ஸராயே அத்ல், நீதியின் சத்திரம், என்று பெயர் வைத்து விலையை அரசே விதித்தார். பஜார் மலாயில் பசார் ஆனது. ஜகார்த்தாவின் பசார் ஸெனென் திங்கள்சந்தை, பசார் மிங்கு ஞாயிறுசந்தை. சிங்கப்பூர், மலேசியத் தமிழர் இரவுச்சந்தையைப் பசார் மாலாம் என்றே சொல்கிறார்கள். கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாஹிலியில் சூக், சோகோ.

இன்று இந்தப் பெயர்களுக்கு முன் நிற்கும் பெரிய கேள்வி சிரியாவின் அலெப்போ. சூக் அல் மதீனா என்ற அதன் கூரைச் சந்தைத் தெருக்களை ஒன்றோடொன்று சேர்த்து நீட்டினால் ஏறத்தாழ 13 கிலோமீட்டர். அத்தாரீன், சோப்புக் கான், 1574இல் எழுந்த கான் அல் ஜும்ருக் என்ற சுங்கக் கான், மம்லூக் காலத்தில் நாணயம் அடித்ததால் சூக் அழ் ழர்ப் என்றாகிப் பின்னர் ஸிர்ப் என்று திரிந்த தெரு, எல்லாம் அதற்குள். 2012 செப்டம்பர் கடைசியில் உள்நாட்டுச் சண்டையின் நடுவே தீப்பிடித்து நூற்றுக்கணக்கான கடைகள் எரிந்தன. சக்கதிய்யா தெருவைச் சீரமைத்து 2019இல் திறந்தார்கள். 2023 பிப்ரவரி நிலநடுக்கம் மறுபடி சுவர்களை உலுக்கியது.

கல்லை நிமிர்த்தும் நிபுணர்கள் சிரியாவுக்கு உள்ளேயும் வெளியேயும் இருக்கிறார்கள். நான் கவலைப்படுவது வேறு காரணத்துக்காக. தோஹாவின் சூக் வாகிஃப் பழைய பாணியில் 2000களில் திரும்ப எழுந்தது. பார்க்க அழகாக இருக்கிறது, கூட்டமும் வருகிறது. உணவகங்களும் நினைவுப்பொருள் கடைகளும் நிறைந்த அந்த மாதிரியை அலெப்போவுக்குக் கொண்டுவந்தால் அத்தாரீனில் வாசனைக்காரர் இருக்க மாட்டார், பெயர்ப்பலகை மட்டும் இருக்கும். எரிந்த கடைகளின் சொந்தக்காரர்கள் துருக்கியிலும் எகிப்திலும் ஐரோப்பாவிலும் சிதறிக் கிடக்கிறார்கள். பலரிடம் பத்திரம் இல்லை. எந்தக் கடை யார் பெயரில் இருந்தது, எது எந்த வக்ஃபைச் சேர்ந்தது, வெளியேறியவரின் வாரிசு திரும்பி வந்தால் சாவி யார் கையில் இருக்கும், இரவுக் காவலுக்குச் சம்பளம் யார் தருவது என்பதைத் தெருத்தெருவாக எழுதி முடிக்க வேண்டும். கூரை போடும் வேலை அதன் பிறகு தொடங்கட்டும்.